ரோட்டரி எஞ்சினைப் பிரித்த பின் கரி எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது மாஸ்டாவின் 13பி குடும்பத்து எஞ்சின்களைப் பற்றி. ஆர்எக்ஸ்-7 காரில் வந்தவை, அப்புறம் 2003 முதல் 2012 வரை ஆர்எக்ஸ்-8 காரில் வந்த ரெனிசிஸ். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டார், ஹவுசிங் என்ற கூட்டுக்குள் சுழலும் எஞ்சின் இது. இவற்றில் இரண்டு ரோட்டார், ஒவ்வொன்றுக்கும் 654 சிசி. சற்றே சிறிய 12ஏ எஞ்சினுக்கும் பெரும்பாலும் இதே முறைதான். பிஸ்டன் எஞ்சின் பிரித்துக் கைப்பழக்கம் உள்ளவர், ரோட்டரியில் முதல்முறையாகக் கை வைக்கப் போகிறவர் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

பிஸ்டன் எஞ்சினைவிட ரோட்டரியில் ஏன் இவ்வளவு கரி சேருகிறது?

எண்ணெயை வேண்டுமென்றே எரிக்கிற எஞ்சின் இது. ரோட்டாரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்கள் ஹவுசிங்கின் உட்சுவரை உரசிக்கொண்டே ஓடுகின்றன. பிஸ்டனுக்கு அடியிலிருந்து எண்ணெய் தெறிப்பது போல இங்கே தெறிக்க வழியில்லை. அதனால் ஆயில் மீட்டரிங் பம்ப் என்ற சின்ன பம்ப், எஞ்சின் ஆயிலையே துளித்துளியாக எரியறைக்குள் விடுகிறது. சீலுக்கு வழவழப்பைக் கொடுத்துவிட்டு அந்த எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. எரியாத மிச்சம் கரியாக ஒட்டுகிறது.

எரியறையின் வடிவமும் ஒரு காரணம். நீளமாக, ஒல்லியாக, நகர்ந்துகொண்டே இருக்கும் அறை அது. கொள்ளளவுக்குச் சுவர்ப்பரப்பு மிக அதிகம். சுவரை ஒட்டிய இடங்களில் தீ அணைந்துபோய், அங்கிருக்கும் கலவை அரைகுறையாகவே எரியும். பெட்ரோலும் கொஞ்சம் தாராளமாகவே போகிறது. வண்டி சூடாவதற்குள் அணைத்துவிடும் குட்டிப் பயணங்கள் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், 1967-இல் வந்த காஸ்மோ ஸ்போர்ட்டின் அபெக்ஸ் சீலே கரியால் ஆனதுதான். அலுமினியம் ஊட்டிய கார்பன். பிறகுதான் வார்ப்பிரும்புக்கு மாறினார்கள்.

பிரிப்பதற்கு முன்பே தண்ணீர் விட்டுக் கரியைக் கரைக்கலாமா?

ஓடுகிற எஞ்சினின் வேக்குவம் குழாய் வழியாகத் துளித்துளியாகத் தண்ணீர் உறிஞ்ச விடுவது பழைய உத்தி. நீராவி கரியை உரிக்கும், பொய்யில்லை. பிரிக்காமல் ஓட்டப்போகும் எஞ்சினுக்கு அதில் அர்த்தம் உண்டு. ஆனால் நாளைக்கு மேசை மேல் கிடக்கப்போகும் எஞ்சினுக்கு எதற்கு? உரிந்த துண்டு சீலுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் மாட்டினால் ஹவுசிங் உட்சுவரின் குரோம் பூச்சு மேல் கீறல் விழலாம். அதைவிட முக்கியமாக, கரி எங்கே எப்படிப் படிந்திருந்தது என்ற சாட்சியம் அழிந்துபோகும். நான் விடமாட்டேன்.

எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது. கரிதான் காரணமா?

இருக்கலாம். நீண்ட நாள் நின்ற வண்டியில், ரோட்டார் முகத்திலிருந்து கழன்ற கரிக்கட்டி ஒன்று ரோட்டாருக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் ஆப்பு வைத்தது போல மாட்டிக்கொள்ளும். தொடர்ந்து ஸ்டார்ட்டர் அடிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளை வழியாக ஏடிஎஃப் என்கிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட்டு, முன்புற போல்ட்டில் நீளமான கைப்பிடி மாட்டிக் கையாலேயே முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால், எந்த அறை மேலே வரும்போது பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரிக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

பிரித்ததும் நேராகக் கழுவும் தொட்டிக்குள் போடலாமா?

கூடாது. கரியைத் துடைப்பதற்கு முன் அதைப் படிக்க வேண்டும். ரோட்டாரைக் கழுவுவதற்கு முன் அதன் பக்கவாட்டில் கரியின் நிறத்தைப் பார்த்து, வாயுக் கசிவோ எண்ணெய்க் கசிவோ இருக்கிறதா என்று கண்டறியச் சொல்லி மாஸ்டாவின் பட்டறைக் கையேடும் தனியாகவே குறிப்பிடுகிறது.

ரோட்டாரின் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். வெளிவட்டத்தில் வாயுவை அடைக்கும் சைடு சீல், உள்வட்டத்தில் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் ரிங். இரண்டுக்கும் நடுவில் உள்ள வளையத்தில் காய்ந்த கருங்கரி பரவியிருந்தால், எரிந்த வாயு சைடு சீலைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. அதே இடம் ஈரமாக, பிசுபிசுப்பாக, தார் போல இருந்தால் ஆயில் ரிங்கைத் தாண்டி எண்ணெய் வெளியே வந்திருக்கிறது. இரண்டு ரோட்டார்களில் ஒன்றின் முகம் மட்டும் ஆவியில் வெந்தது போலப் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கூலன்ட் உள்ளே கசிந்து கழுவியிருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கத்து வாட்டர் சீலையும் ஹவுசிங்கின் விளிம்பையும் நன்றாகப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவிட்டு, சீல்களை எந்த ரோட்டார், எந்த முனை, எந்தப் பக்கம் என்று எழுதிய தட்டில் வையுங்கள். ஒரு ரோட்டாருக்கு அபெக்ஸ் சீல் 3, முனைகளின் இரு பக்க மூலைகளிலும் உட்காரும் கார்னர் சீல் 6, சைடு சீல் 6, ஆயில் ரிங் 4. இரண்டு ரோட்டாரையும் கலந்துவிட்டால் அப்புறம் சீட்டுக் குலுக்கல்தான்.

சைடு சீல் காடியை (அது உட்காரும் பள்ளத்தை) விட்டு வர மாட்டேன் என்கிறது. நெம்பினால் உடைகிறது.

புது சைடு சீல் போடுவதாக இருந்தால் உடையட்டும், கவலை இல்லை. காடியின் விளிம்பு மட்டும் சிதையக் கூடாது. ஊடுருவும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மரக்குச்சியாலோ பித்தளைத் துண்டாலோ சீலின் மேல் மெல்லத் தட்டி, முதலில் உள்ளே ஒரு மயிரிழை போக வையுங்கள். உள்ளே போனால்தான் கரியின் பிடி விடும், வெளியே வரும். ஸ்குரூ டிரைவரை விளிம்பில் முட்டுக் கொடுத்து நெம்புவதுதான் பெரும்பாலான ரோட்டார்கள் கெடும் வழி.

கார்னர் சீலும் இப்படித்தான். சுற்றியுள்ள வட்டக் குழியில் கரி இறுகிப்போய் நிற்கும். அபெக்ஸ் காடி வழியாக அடியில் எண்ணெய் போகும்படி அடித்து ஊறவிட்டால் பெரும்பாலும் இளகிவிடும்.

ரோட்டார் முகத்தை எவ்வளவு பளபளப்பாக்க வேண்டும்?

பளபளப்பே வேண்டாம். முகத்தில் தடிமனான கரி போனால் போதும். அங்கே லேசான பழுப்புக் கறை மிஞ்சினால் எஞ்சினுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கண்ணாடி மாதிரி ஆக்கிய ரோட்டார் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். முகம் மின்னுகிற ரோட்டாரின் காடிக்குள் விளக்கு அடித்துப் பார்த்தால் அடியில் கரி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ரோட்டார் வார்ப்பிரும்பு. முகத்தில் பித்தளைச் சுரண்டி, பித்தளை பிரஷ், மரத்துண்டு எதையும் தைரியமாகப் பயன்படுத்தலாம். கரைப்பானில் ஊறிய பிறகு குழிவான பகுதியிலிருந்து கரி தகடு தகடாகவே பெயர்ந்து வரும். ஓரங்களுக்கு வரும்போது மட்டும் கையின் வேகத்தைக் குறையுங்கள்.

அப்படியானால் எங்கே நேரம் செலவழிக்க வேண்டும்?

காடிகளில். முழு வேலையும் அங்கேதான்.

அபெக்ஸ் சீலை ஹவுசிங் மேல் அழுத்துவது அடியில் உள்ள ஸ்பிரிங் மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். எஞ்சின் கிளம்பும் வரைதான் ஸ்பிரிங்கின் வேலை பெரிது. ஓடும்போது, எரிந்த வாயு காடியின் பக்கவாட்டு இடைவெளி வழியாகச் சீலின் அடிக்குள் புகுந்து, அதுதான் சீலை வெளியே தள்ளுகிறது. அந்த இடைவெளியில் கரி அடைத்தால் வாயு உள்ளே போகாது. அடியில் கரி குவிந்தால் சீல் இறங்க இடமிருக்காது. ஒரு பக்கம் மட்டும் கரி இருந்தால் சீல் சாய்ந்தபடி உரசி, கோணலாகத் தேயும்.

இதற்கு உலகத்திலேயே சிறந்த கருவி, அந்த எஞ்சினிலிருந்தே எடுத்த தேய்ந்த அபெக்ஸ் சீல்தான். 1986-க்குப் பிந்தைய 13பி எஞ்சின்களில் சீலின் தடிமன் 2 மில்லிமீட்டர், அதற்கு முன் 3. பழைய சீலைக் குறுக்கே உடைத்தால், காடியின் அகலத்துக்கே அளவெடுத்தது போலச் சதுர முனை கிடைக்கும். அதைக் காடிக்குள் நிமிர்த்திப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே போக்கில் இழுங்கள். முதல் சில இழுப்பில் கறுப்புத் தூள் வரும், அப்புறம் கரகரவென்று சத்தம் வரும், கடைசியில் சத்தம் மாறி இரும்பு மேல் இரும்பு வழுக்குவது கையிலேயே தெரியும். அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் சுரண்டினால் போவது கரி இல்லை, ரோட்டார். சைடு சீல் காடிக்கும் இதே வழி. ஒடிந்த சைடு சீல் துண்டு போதும், அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். கார்னர் சீல் குழிக்குச் சின்ன உருளை வடிவப் பித்தளை பிரஷ், கையால் சுற்றி. டிரில் மெஷினில் மாட்ட வேண்டாம்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? பயன்படுத்தப்போகும் ஸ்பிரிங்கையும் சீலையும் காய்ந்த காடியில் வைத்து, விரலால் முழுதாக அழுத்தி விடுங்கள். நீளம் முழுக்க ஒரே சமயத்தில் துள்ளி எழ வேண்டும். ஒரு முனை தயங்கினால் அந்த இடத்தில் இன்னும் கரி இருக்கிறது, அல்லது விளிம்பு நசுங்கியிருக்கிறது. பிறகு ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு. அபெக்ஸ் சீலுக்கும் காடிச் சுவருக்கும் இடையே 0.15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அந்த ரோட்டாரை மறந்துவிடுங்கள். கரியோடு அளந்தால் தேய்ந்த காடிகூட நல்லது போலக் காட்டும். அதனால் சுத்தம் முதலில், அளவு பிறகு.

எந்தத் திரவத்தில் ஊறவைக்கலாம்? காஸ்டிக் சோடா தொட்டி பரவாயில்லையா?

பட்டறைகளில் வார்ப்பிரும்பு பிளாக்கைக் கொதிக்கும் காஸ்டிக் தொட்டியில் போட்டு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை இங்கே கொண்டுவராதீர்கள். ரோட்டார் ஹவுசிங் அலுமினியம். காஸ்டிக் பட்டதும் நுரைத்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும், உலோகம் கறுத்து அரிக்கும். அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்பிரேக்கள் பலவற்றிலும் இதே சரக்குதான் இருக்கிறது. ரோட்டார் இரும்புதானே என்று கேட்கலாம். அதன் நடுவில் அழுத்திப் பொருத்திய பேரிங் இருக்கிறது, அதன் மென்மையான உலோகப் பூச்சு காஸ்டிக்கைத் தாங்காது. பேரிங்கை மாற்றுவதாக இருந்தால் மட்டும், கழற்றிய பிறகு யோசிக்கலாம்.

கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஊறல் திரவம் ரோட்டாருக்கு நன்றாக வேலை செய்யும். மெத்திலீன் குளோரைடு கலந்த கரி நீக்கிகள் இன்னும் வேகம். ஆனால் மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே சாய்க்கும், தோலையும் எரிக்கும். திறந்த வெளி, தடித்த கையுறை, கண்ணாடி இல்லாமல் அதன் மூடியைத் திறக்க வேண்டாம். மண்ணெண்ணெயும் டீசலும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், இறுகிய கரியை அசைக்காது. பெட்ரோலில் கழுவும் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடலாம்.

அல்ட்ராசானிக் தொட்டி கிடைத்தால் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளுக்கும் ஆயில் ரிங்குகளுக்கும் அருமை. உள்ளே ஊற்றும் சோப்பு அலுமினியத்துக்கு ஏற்றதா என்று டப்பாவில் பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

மணல் அல்லது கண்ணாடி மணி பீய்ச்சினால் சீக்கிரம் முடியுமே?

முடியும். எஞ்சினும் சீக்கிரம் முடிந்துவிடும். ரோட்டார் உள்ளே பொள்ளலானது. விலா எலும்பு மாதிரித் தடுப்புகள், அவற்றுக்கு நடுவே அறைகள். கிராங்க் ஷாஃப்டின் இடத்தில் இருக்கும் எக்சென்ட்ரிக் ஷாஃப்டிலிருந்து எண்ணெய் உள்ளே பீய்ச்சப்பட்டு, ரோட்டாரைக் குளிர்வித்துவிட்டு வெளியே வரும். அந்த அறைகளுக்குள் புகுந்த மணி எத்தனை கழுவினாலும் முழுதாக வராது. புது எண்ணெய் சூடானதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்து பேரிங்கைத் தின்னும். வால்நட் ஓட்டுத் தூள், சோடா உப்பு இரண்டும் மென்மையானவைதான். சோடா உப்பு தண்ணீரில் கரையும் என்பதால் கொஞ்சம் நிம்மதி. அப்போதும் பேரிங்கையும் பக்கத் துளைகளையும் இறுக்கமாக அடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். என்னைக் கேட்டால், ஊறவைத்துச் சுரண்டும் ஒரு நாள் வேலைக்காக இந்த ஆபத்து தேவையில்லை.

பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பட்டை, உப்புத்தாள்?

பச்சைப் பட்டை மென்மையாகத் தெரியும். அதன் நாரில் ஒட்டியிருப்பது உப்புத்தாளில் இருக்கும் அதே வகைத் தேய்ப்புத் தூள். தேயத் தேய அது உதிர்ந்து எண்ணெய்த் துளைக்குள் போகும். பேரிங் உள்ள எந்தப் பாகத்திலும் வேண்டாம். ரோட்டார் முகத்தில் எமரித் தாளைக் கையேடே அனுமதிக்கிறது. அபெக்ஸ் சீல் மேல் மட்டும் எமரி படவே கூடாது என்று அதே கையேடு கண்டிப்பாகச் சொல்கிறது. எமரி போட்டால், முடித்ததும் கழுவுவதை இரட்டிப்பாக்குங்கள்.

ரோட்டார் ஹவுசிங்கின் குரோம் மேல் கறுப்புக் கோடுகள் இருக்கின்றன. போக வேண்டுமா?

விரல் நகத்தை அதன் மேல் ஓட்டுங்கள். நகம் இடறாவிட்டால் வெறும் கறை. பிரேக் கிளீனரோ டபிள்யூடி-40 வகையறாவோ அடித்து, பிளாஸ்டிக் சுரண்டியும் துணியும் போட்டால் போகிற அளவு போகும், மிச்சம் அங்கேயே இருக்கட்டும். நகம் இடறினால், மேலே நிற்பது கரியா, உள்ளே இறங்கிய கீறலா, குரோம் பெயர்ந்த இடமா என்று பார்க்க வேண்டும். பெயர்ப்பு பெரும்பாலும் விளிம்புகளிலும் ஸ்பார்க் பிளக் துளைகளின் பக்கத்திலும்தான் தொடங்கும். குரோம் போன ஹவுசிங்கை எந்தச் சுத்தமும் காப்பாற்றாது.

எக்சாஸ்ட் போர்ட்டுக்குள் கடினமான கரி சேர்ந்திருக்கும். அங்கே தாராளமாகச் சுரண்டலாம், ஆனால் சுரண்டி வழுக்கி குரோம் பக்கம் வந்துவிடாதபடி உள்ளிருந்து வெளிப்பக்கமாகவே இழுங்கள். ஆயில் வரும் சின்னத் துளைகளில் காற்று அடித்துப் பார்க்க மறக்க வேண்டாம். அவை அடைந்திருந்தால் புது அபெக்ஸ் சீல் காய்ந்தே ஓடும்.

ரெனிசிஸ் எஞ்சினுக்குத் தனிக் கவனம் தேவையா?

தேவை. பழைய 13பி-யில் எக்சாஸ்ட் வழி ரோட்டார் ஹவுசிங்கில் இருந்தது. ரெனிசிஸில் அதைப் பக்கத் தகடுகளுக்கு, அதாவது சைடு ஹவுசிங்குக்கு மாற்றினார்கள். எரியாத வாயு வெளியேறுவது குறைந்தது, புகைச் சோதனைக்கு நல்லது. ஆனால் சூடான எக்சாஸ்ட் இப்போது சைடு சீல்களைத் தாண்டிப் போகிறது, கரியும் அங்கேயே சேருகிறது. அதற்காகவே சைடு சீலின் குறுக்குவெட்டை ஆப்பு வடிவத்துக்கு மாற்றினார்கள், கரி இறுகிச் சீல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. ஆகவே சைடு சீல் காடியில் இரட்டிப்புப் பொறுமை வேண்டும், சதுர முனைக் கருவியால் அந்தச் சாய்வைச் சதுரமாக்கிவிடாதீர்கள். அந்த எஞ்சினின் பழைய சீல் துண்டையே பயன்படுத்துங்கள்.

சைடு ஹவுசிங் வார்ப்பிரும்பு, மேற்பரப்பில் நைட்ரைடு செய்து கடினமாக்கிய மெல்லிய தோல். கரைப்பானும் படுக்கையாகப் பிடித்த சவரப் பிளேடும் போதும். உப்புத்தாள் போட்டுச் சமமாக்கினால் போவது அந்தத் தோல்தான். தேய்மானம் 0.10 மில்லிமீட்டரைத் தாண்டினால் துடைத்துப் பயனில்லை.

பழைய அபெக்ஸ் சீலைக் கழுவித் திரும்பப் போடலாமா?

ஆர்எக்ஸ்-7 எஞ்சின்களின் 2 மில்லிமீட்டர் சீலின் உயரம் புதிதாக 8.0 மில்லிமீட்டர், எல்லை 6.5. இவ்வளவு வேலை செய்துவிட்டு சீலில் காசு மிச்சம் பிடிப்பதை நான் ஏற்கமாட்டேன். கார்னர் சீலை வேண்டுமானால் அளந்து பார்த்துத் திரும்பப் போடலாம். சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் இடையே புதிதாக வைக்க வேண்டிய இடைவெளி 0.05 முதல் 0.15, எல்லை 0.40. ரப்பர் வளையங்கள் எல்லாம் புதிது, பேச்சே இல்லை.

கழுவி முடித்ததும்?

சுடு தண்ணீரும் பாத்திர சோப்பும் போட்டு நைலான் பிரஷால் ஒருமுறை, காற்று அடித்து, திரும்பவும் ஒருமுறை. வெள்ளைத் துணியால் காடிக்குள் துடைத்துப் பாருங்கள், துணி சாம்பல் நிறமானால் இன்னும் ஒருமுறை. கடைசிக் காற்று அடித்த கையோடு எண்ணெய் பூசுங்கள். கழுவிய வார்ப்பிரும்பு சாப்பிட்டு வருவதற்குள் துருவேறிவிடும்.

கட்டிய பிறகு மறுபடி கரி சேராமல் இருக்க?

சேரும், தடுக்க முடியாது. குறைக்கலாம். சூடேறும் முன் அணைக்காதீர்கள். சூடேறிய பின் தினமும் ஒருமுறையாவது சிவப்புக் கோட்டுப் பக்கம் கொண்டுபோங்கள். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 9000 சுற்றும்போதுகூட ரோட்டார் 3000 தான் சுற்றுகிறது, பயப்பட ஒன்றுமில்லை. பழகும் காலம் முடிந்த பிறகு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

புதிதாகக் கட்டியும் கம்ப்ரஷன் குறைவு. கரி மிச்சமிருக்கிறதா?

முதலில் எப்படி அளந்தீர்கள்? சாதாரண கேஜ் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோட்டரிக்கான தனி டெஸ்டர் வேண்டும். இல்லையென்றால் கேஜின் வால்வு ஊசியை எடுத்துவிட்டு முள் துள்ளுவதைப் பாருங்கள், மூன்று துள்ளலும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஆர்எக்ஸ்-8-க்கு நிமிடத்துக்கு 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல் சரியான அளவு, 680 கடைசி எல்லை. புது சீல் பழகப் பழக எண் ஏறும், அதனால் மூன்று முகமும் ஒரே அளவில் கொஞ்சம் குறைந்திருந்தால் ஓட்டிவிட்டு மறுபடி அளக்கலாம். அடுத்தடுத்த இரண்டு முகங்கள் மட்டும் சரிந்திருந்தால், அந்த இரண்டுக்கும் பொதுவான அபெக்ஸ் சீல் காடியில் சிக்கியிருக்கிறது. ஏடிஎஃப் ஊற்றிச் சில மணிநேரம் விட்டு ஒருமுறை முயன்று பாருங்கள், அதற்கும் அசையாவிட்டால் மறுபடி பிரிக்கத்தான் வேண்டும்.